ஐந்து கிராம் பையின் உலகப் பயணம்

காய்கறிக் கடைக்காரர் கட்டிலிருந்து உருவி, விரலால் தேய்த்துப் பிரித்து, தக்காளியைக் கொட்டித் தருகிற கேரி பேக்கின் எடை ஐந்தாறு கிராம்தான். அதில் ஐந்து கிலோ காய்கறியைத் தாராளமாகத் தூக்கிக்கொண்டு வரலாம். தன் எடையைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கைச் சுமக்கும் இந்தப் பை மழையில் நனைவதில்லை, சாம்பாரைக் கசியவிடுவதில்லை, மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது. இத்தனை திறமையான பொருளைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறிகிறோம். அது எப்படி இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது, எப்போது குப்பையானது, எந்தெந்த நாடுகள் அதை ஏற்றுப் போற்றிப் பிறகு விரட்டின என்று தேடிப் போனால் யானைத் தந்தம், அரக்குப் பூச்சி, போர் விமானம், குழந்தைகளின் இடுப்பு வளையம் எல்லாம் வழியில் எதிர்ப்படுகின்றன.

கதை பில்லியர்ட்ஸ் மேசையில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த விளையாட்டுக்கான பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தெடுத்தார்கள். ஆட்டம் பரவப் பரவத் தந்தத்துக்குத் தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது. 1863-இல் ஃபெலன் அண்ட் காலண்டர் என்ற அமெரிக்க நிறுவனம், தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. அச்சுத் தொழிலாளியாக இருந்த ஜான் வெஸ்லி ஹயட் என்ற இளைஞர் அந்தப் பரிசைக் குறிவைத்து இறங்கினார். பருத்தியிலிருந்து எடுத்த நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்து அவர் உருவாக்கியதுதான் செல்லுலாய்டு. பில்லியர்ட்ஸ் பந்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆனால் சீப்பு, சட்டைக் காலர், பொம்மை, பின்னாளில் சினிமா ஃபிலிம் என்று வேறு பக்கம் ஓடியது. யானைகளும் ஆமைகளும் இனி வேட்டையாடப்பட வேண்டியதில்லை என்று அதைத் தயாரித்தவர்கள் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். இயற்கையைக் காக்க வந்த பொருள் என்ற பெயரோடுதான் பிளாஸ்டிக் சந்தைக்குள் காலடி வைத்தது.

அடுத்த பிளாஸ்டிக்கின் கதையில் இந்தியா வருகிறது. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாச மரக் கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அரக்கு. மின்சாரம் புதிதாகப் பரவிய காலத்தில் கம்பிகளுக்கும் சுருள்களுக்கும் காப்புப் பூச்சாக இந்த அரக்கை உலகமே இந்தியாவிடம் வாங்கியது. தேவைக்கேற்ற வேகத்தில் பூச்சிகளால் சுரக்க முடியுமா? அரக்குக்கு மாற்று தேடிய லியோ பேக்லாண்ட் என்ற பெல்ஜியத்து வேதியியலாளர், 1907-இல் நியூயார்க் அருகேயுள்ள தன் ஆய்வுக்கூடத்தில் பேக்கலைட்டை உருவாக்கினார். முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் அது. நம் தாத்தா காலத்துக் கறுப்புத் தொலைபேசியும் மின் சுவிட்சும் அந்தப் பேக்கலைட்டால் ஆனவையே.

இதே காலத்தில் பையின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கடைகளில் தட்டை அடிப்பாகத்தோடு நிமிர்ந்து நிற்கும் காகிதப் பையைத் தானாகவே மடித்து ஒட்டும் இயந்திரத்தை உருவாக்கியவர் மார்கரெட் நைட் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருடைய மாதிரி இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்த பட்டறைக்கு வந்துபோன சார்லஸ் ஆனன் என்பவர் அதைப் பார்த்துக்கொண்டுபோய், தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். நைட் வழக்குப் போட்டார். தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி வென்று, 1871-இல் காப்புரிமையைப் பெற்றார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அமெரிக்கக் கடைகளில் காகிதப் பையின் ஆட்சிதான். அதற்கான காகிதத்துக்காக வெட்டிய மரங்களின் கணக்கு பின்னால் இந்தக் கதைக்குள் வரும்.

கேரி பேக்கின் மூலப்பொருளான பாலித்தீன் இரண்டு முறை தற்செயலாகப் பிறந்தது. 1898-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் ஃபான் பெக்மன் டையசோமீத்தேன் என்ற சேர்மத்தைச் சோதித்தபோது மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று தங்கியது. அதற்கு ஒரு பயனும் தெரியாததால் கதை அங்கேயே நின்றுவிட்டது. 1933 மார்ச் மாதம், இங்கிலாந்தின் நார்த்விச் நகரில் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் மிகப் பெரிய அழுத்தத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. கலனைத் திறந்தபோது சுவரில் மெழுகு போல வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மறுபடி செய்தபோது ஒரு தடவை வந்தது, இன்னொரு தடவை வரவில்லை, வேறொரு தடவை வெடித்தது. ஆபத்தான வேலை என்று ஆய்வையே நிறுத்திவைத்தார்கள்.

1935 டிசம்பரில் மைக்கேல் பெரினும் அவருடைய சகாக்களும் சோதனையை மீண்டும் தொடங்கினார்கள். அன்றைக்குக் கலனில் கசிவு இருந்தது. குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட மேலும் மேலும் எத்திலீனை உள்ளே செலுத்தினார்கள். அப்படிச் செலுத்திய வாயுவோடு மிகச் சிறிதளவு ஆக்சிஜனும் கலந்து போயிருந்தது. எத்திலீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தூண்டியது அந்த ஆக்சிஜன்தான் என்பது பிறகுதான் புரிந்தது. அன்று கிடைத்த பாலித்தீன் சுமார் எட்டு கிராம், ஒரே ஒரு கேரி பேக்குக்குப் போதுமான அளவு!

முழு அளவிலான உற்பத்தி 1939 செப்டம்பர் 1-இல் தொடங்கியது. அதே நாளில் ஜெர்மனி போலந்துக்குள் படையெடுத்தது. உயர் அதிர்வெண் மின்சாரத்துக்குப் பாலித்தீனைப் போல இலகுவான, சிறந்த காப்புப் பொருள் அப்போது வேறு இல்லை. அதனால்தான் ரேடார் கருவியை விமானத்துக்குள் ஏற்றும் அளவுக்குச் சிறிதாக்க முடிந்தது. இரவில் குண்டு வீச வரும் விமானங்களையும் அட்லாண்டிக் கடலில் பதுங்கிவரும் நீர்மூழ்கிகளையும் தேடிப் பிடித்த ரேடார்களின் கேபிள்களுக்கு உறையாக இருந்தது பாலித்தீன். தக்காளி சுமக்கும் பையின் அதே பொருள், போர் முடியும்வரை பிரிட்டனின் ராணுவ ரகசியமாகக் காக்கப்பட்டது.

போர் முடிந்ததும் தொழிற்சாலைகளுக்குப் புதுச் சிக்கல். உற்பத்தி இருக்கிறது, வாங்க ராணுவம் இல்லை. 1953-இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் ஸீக்லரின் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு விபத்து நடந்தது. முந்தைய சோதனை ஒன்றிலிருந்து கலனில் தங்கிவிட்ட நிக்கல் துணுக்கு, எதிர்பார்த்த வினையைக் கெடுத்தது. நிக்கல் இப்படிச் செய்கிறதென்றால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். டைட்டேனியம் சேர்மம் ஒன்றைக் கொண்டு, பெரிய அழுத்தமே இல்லாமல் அடர்த்தியும் உறுதியும் மிக்க பாலித்தீனைச் செய்ய முடிந்தது. ஸீக்லருக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனமும் தனி வழியில் அதே வகைப் பாலித்தீனைத் தயாரித்தது. தொடக்கத்தில் தரம் சீராக வராமல் கிடங்குகளில் சரக்கு தேங்கியது. அந்த நேரத்தில்தான் குழந்தைகள் இடுப்பில் சுழற்றும் ஹூலா வளையம் 1958-இல் அமெரிக்காவைப் பித்துப் பிடிக்கவைத்தது. தேங்கிய சரக்கெல்லாம் வளையமாகிப் பறந்தது. நாம் கையில் வாங்கும் மெல்லிய, சரசரக்கும் கேரி பேக் இந்த அடர்த்தி மிக்க பாலித்தீனின் பேரப்பிள்ளை.

எறிவதற்கென்றே பொருளைச் செய்யலாம் என்ற எண்ணமும் அந்த ஆண்டுகளில்தான் வேரூன்றியது. 1955 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை, பயன்படுத்தி எறியும் வாழ்க்கையைக் கொண்டாடி ஒரு கட்டுரை வெளியிட்டது. தட்டு, குவளை, கரண்டி எல்லாம் வானத்தில் பறக்க, ஒரு குடும்பம் மகிழ்ச்சியோடு கைகளை விரித்து நிற்கும் படம் அதில் உண்டு. இனி பாத்திரம் கழுவும் வேலை மிச்சம் என்பதே செய்தி. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த பிளாஸ்டிக் தொழில்துறை மாநாட்டில் லாயிட் ஸ்டௌஃபர் என்ற பத்திரிகையாசிரியர், பிளாஸ்டிக்கின் எதிர்காலம் குப்பைத் தொட்டியில்தான் இருக்கிறது என்று தொழிலதிபர்களிடம் பேசினார். பல ஆண்டு உழைக்கும் வாளியை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார், எறியும் உறையை நாள்தோறும் வாங்குவார் என்ற வணிகக் கணக்கு அது. ஆனால் மக்களுக்கு இந்தப் பழக்கம் இயல்பாக வந்துவிடவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தையும் போரையும் பார்த்த தலைமுறை, பிளாஸ்டிக் உறைகளைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தியது. சலவைக் கடைகள் துணியைச் சுற்றிக் கொடுத்த மெல்லிய உறைகளை வீட்டில் வைத்திருந்ததால் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்த துயரமும் 1959-இல் நடந்தது. அப்போது தடைக் கோரிக்கை எழுந்தது. உறையை வைத்துக்கொள்ளாதீர்கள், எறிந்துவிடுங்கள் என்று தொழில்துறை பெற்றோருக்கு அறிவுரை சொன்னது. எறிவதை மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பாடம் நடத்தியவர்கள் இருந்தார்கள்.

இனி பை பிறக்க வேண்டிய நேரம். ஸ்வீடனில் செலோபிளாஸ்ட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் தூலின். அவர் வடிவமைத்த பையை ஒருமுறை விரித்துப் பார்த்தால் அதன் எளிமை புரியும். வெள்ளைத் துகள்களாக இருக்கும் பாலித்தீனை உருக்கி, வளையம் போன்ற இடுக்கின் வழியே காற்றூதி மேல்நோக்கி இழுக்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே நீண்ட குமிழியாக அது எழுகிறது. குளிர்ந்ததும் உருளைகள் அதை அழுத்தித் தட்டையான குழாயாக்குகின்றன. குழாயின் பக்கங்களை உள்மடித்து, மேலும் கீழும் சூட்டால் ஒட்டி, மேற்பகுதியின் நடுவில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் இரண்டு கைப்பிடிகளோடு பை தயார். தையலும் கிடையாது, பசையும் கிடையாது. கையில்லாத பனியனைப் போன்ற இந்த வடிவத்துக்கு 1965 ஏப்ரலில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து வருந்தித்தான் தன் தந்தை இதை உருவாக்கினார் என்றும், ஒரு பையை மடித்து எப்போதும் தன் பாக்கெட்டில் வைத்திருப்பார் என்றும் தூலினின் மகன் பின்னாளில் பிபிசியிடம் சொன்னார். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பையாகவே அதைப் படைத்தவர் நினைத்திருந்தார்.

சந்தை வேறு மாதிரி நினைத்தது. செலோபிளாஸ்டின் காப்புரிமை மற்ற உற்பத்தியாளர்களின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான மொபில் வழக்காடி, 1977-இல் அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. கதவு திறந்ததும் யார் வேண்டுமானாலும் அதே பையைச் செய்யலாம் என்றானது. அமெரிக்க இல்லத்தரசிகளுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. காரில் வைத்தால் சாய்ந்து பொருள்கள் உருளுகின்றன, பில் போடுகிறவர் பையைப் பிரிக்க விரலை நக்குகிறார் என்று குறைப்பட்டார்கள். கடைக்காரர்கள் பார்த்தது விலையை. காகிதப் பையைவிட மலிவு, கிடங்கில் பிடிக்கும் இடமும் மிகக் குறைவு. 1982-இல் சேஃப்வே, குரோகர் ஆகிய இரு பெரும் பல்பொருள் அங்காடிகள் பிளாஸ்டிக் பைக்கு மாறின. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பாக்கெட்டில் மடித்து வைக்கும் பை, பில்லோடு சேர்ந்து இலவசமாக வரும் பையாகிவிட்டது.

குப்பை கண்ணில் உறுத்தத் தொடங்கியதும் தொழில்துறை அதற்கும் பதில் வைத்திருந்தது. பானங்களும் பொதியுறைகளும் விற்கும் அமெரிக்க நிறுவனங்கள் 1953-இலேயே அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம் என்ற பொருளில் பெயர் சூட்டிய ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தன. 1971-இல் அது வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு செவ்விந்தியர் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். சுற்றுச்சூழலைக் கெடுப்பவர்கள் மக்களே, அதை நிறுத்தக்கூடியவர்களும் மக்களே என்பது அதன் செய்தி. அழுத நடிகர் உண்மையில் இத்தாலிய வம்சாவளியினர். உற்பத்தி செய்தவரின் பொறுப்பு, எறிந்தவரின் குற்றமாக மாறிய இடம் அந்த விளம்பரம். மூன்று அம்புகள் சுற்றிவரும் மறுசுழற்சிச் சின்னமும் அதே காலத்துப் பிள்ளை. 1970-இல் ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டியில் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் வரைந்து பரிசு பெற்றது அது. 1988-இல் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் அதே முக்கோண அம்புகளுக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டுப் பிளாஸ்டிக் பொருள்களில் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த எண் என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. பார்க்கிறவரோ இது மறுசுழற்சி ஆகிவிடும் என்று நம்பிவிடுகிறார். 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்றும், கழிவான பிளாஸ்டிக்கில் 9 சதவீதம்தான் மறுசுழற்சியானது என்றும் 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டுக் கடைத்தெருவுக்குள் கேரி பேக் நுழைந்தபோது இங்கே ஒரு முழு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. மளிகைக் கடைக்காரர் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பருப்பைக் கொட்டி, மேல் விளிம்பை மடக்கி, தலைக்கு மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, ஒரே சுண்டில் அறுத்துத் தருவார். இறைச்சிக்குத் தாமரை இலை, பூவுக்கு வாழை இலை, சாம்பாருக்குத் தூக்குவாளி, எண்ணெய்க்கு வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில். இவையெல்லாம் வந்து சேர, துணிக்கடை பெயரோ கல்யாண வீட்டுப் பெயரோ அச்சிட்ட மஞ்சப்பை. கேரி பேக் இந்த ஏழெட்டுப் பொருள்களின் வேலையைத் தனி ஆளாக எடுத்துக்கொண்டது. கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்ற வசதி வந்ததும், மஞ்சப்பையோடு போவது நாகரிகக் குறைவு என்ற எண்ணமும் கூடவே வந்தது. சினிமாவில் பட்டணத்துக்குப் புதிதாக வந்த கிராமத்து ஆளைக் காட்ட மஞ்சப்பை ஒன்றே போதும் என்றானது. ஒரு பொருள் தோற்றுப்போவதற்கு விலை மட்டும் காரணம் ஆகாது, கௌரவமும் காரணம்.

விரட்டும் படலத்தைத் தொடங்கியது ஏழை நாடான வங்கதேசம். 1988-லும் 1998-லும் அந்த நாட்டைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது, வடிகால்களில் அடைத்திருந்த பாலித்தீன் பைகள் தண்ணீர் வடியவிடாமல் செய்தன. 2002 ஜனவரியில் டாக்காவிலும் மார்ச்சில் நாடு முழுவதும் மெல்லிய பாலித்தீன் பைகளுக்குத் தடை வந்தது. உலகிலேயே இப்படித் தடை போட்ட முதல் நாடு அது. சணலுக்குப் பெயர்போன தேசம், சணல் பைக்குத் திரும்ப முயன்றது. கண்காணிப்பு தளர்ந்ததும் பாலித்தீன் மறுபடி சந்தைக்குள் புகுந்துகொண்டது. 2005 ஜூலையில் மும்பை மூழ்கியபோதும் இதே பைகள்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்தார்கள். மீந்த சோற்றைக் கவரோடு முடிச்சுப் போட்டு எறியும் நம் வழக்கம், அவிழ்க்கத் தெரியாத அந்த வாயில்லா ஜீவனின் வயிற்றில் வந்து சேர்கிறது. பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் 1998-இல் எடுத்த படத்திலும் ஒரு பிளாஸ்டிக் பை தெரிகிறது. மனிதர் விரல்விட்டு எண்ணும்படி இறங்கிய ஆழத்துக்குப் பை போயிருக்கிறது.

வங்கதேசம் தடை போட்ட அதே 2002 மார்ச்சில் அயர்லாந்து வேறு வழியில் போனது. தடை போடவில்லை, ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் வரி போட்டது. வாடிக்கையாளர் பில் கொடுக்கும்போது அதைத் தன் கையால் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நபருக்கு 328 பை என்றிருந்த பயன்பாடு 21-ஆகச் சரிந்தது. பதினைந்து சென்ட் யாரையும் ஏழையாக்கிவிடாது. பை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்கவும், வேண்டுமா என்று வாங்குபவர் ஒரு நொடி யோசிக்கவும் அது போதுமானதாக இருந்தது. தமிழர் பலர் வாழும் மலேசியாவின் பினாங்கு, 2009-இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கி, 2011-இல் எல்லா நாளும் இல்லை என்று முடித்தது. ருவாண்டா 2008-இல் முழுத் தடை போட்டு விமான நிலையத்திலேயே பயணிகளின் பைகளைப் பறிமுதல் செய்தது. கென்யா 2017-இல் சிறைத் தண்டனைவரை போனது. இலங்கையில் 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளைப் புதைத்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மெல்லிய பாலித்தீன் பைகளும், சோற்றுப் பார்சலுக்கு வைக்கும் லஞ்ச் ஷீட்டும் தடைப்பட்டியலில் ஏறின.

இந்தியாவில் பைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தடிமனை வைத்து ஒரு நீண்ட ஓட்டம் நடந்தது. 1999 விதிகளில் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பர் இறுதியில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120. பை தடிமனானால் விலை ஏறும், விலை ஏறினால் இலவசமாகக் கொடுக்க மாட்டார்கள், பொறுக்குபவர்களுக்கும் எடைக்குப் போட்டால் காசு கிடைக்கும் என்பது கணக்கு. இலவசமாகத் தரக் கூடாது என்றும் 2011 விதிகள் சொல்லின. வாடிக்கையாளர்களின் மனநிலை அதற்கு எளிதில் இசையவில்லை. 2019-இல் சண்டிகரில் ஒரு காலணிக் கடை காகிதப் பைக்கு மூன்று ரூபாய் வாங்கியதை எதிர்த்து ஒருவர் நுகர்வோர் மன்றம் போனார். தன் விளம்பரத்தை அச்சிட்ட பையை வாடிக்கையாளரின் காசிலேயே சுமக்கவைப்பது முறையல்ல என்று மன்றம் கடைக்கு அபராதம் விதித்தது. அதில் நியாயம் உண்டு. பைக்கு விலை வைப்பது பழக்கத்தை மாற்றுவதற்காக என்றால் மக்கள் ஏற்பார்கள், அதுவே லாபம் பார்க்கவும் விளம்பரம் தேடவும் என்றால் எரிச்சல்தான் வரும்.

தடை வந்த இடத்தில் எல்லாம் போலிகளும் வந்தன. துணி போலவே தோன்றும், தையல் போட்ட, பல நிறங்களில் வரும் பை ஒன்று நம் கடைகளில் பரவியது. தொட்டால் துணி, எரித்தால் பிளாஸ்டிக்: பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் சூட்டில் ஒட்டிச் செய்தது. தமிழ்நாடு அதையும் கண்டுகொண்டு, 2019 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த 14 பொருள்களின் தடைப்பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் 2015-இல் ஒருமுறைப் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்ததும், வாழ்நாள் முழுக்க வரும் பை என்று கெட்டியான பிளாஸ்டிக் பைகளைக் கடைகள் விற்றன. 2018-இல் அப்படி 150 கோடிப் பைகள் விற்றதாக, அதாவது வீட்டுக்கு 54 பை என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் கணக்கெடுத்தன. வாழ்நாள் பை வாரப் பையாகிவிட்டது. கலிஃபோர்னியாவிலும் கெட்டிப் பைக்கு விட்ட விலக்கு இப்படியே கைமீறிப்போனதால், 2024-இல் அதையும் மூடச் சட்டம் போட்டார்கள்.

துணிப்பையும் எல்லாக் கேள்விக்கும் விடையாகிவிடாது. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்று நெய்ய மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பங்கு வகிக்க வேண்டுமானால் ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். கடலில் மிதக்கும் குப்பையையும் பசுவின் வயிற்றையும் அந்தக் கணக்கு சேர்க்கவில்லை, ஆகவே பிளாஸ்டிக் பையே மேல் என்று அதற்குப் பொருளாகாது. கிழியும்வரை துணிப்பையை விடக் கூடாது என்பதே அதன் பொருள். ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு துணிப்பை, ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்குவது சுற்றுச்சூழல் சேவை ஆகாது.

தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் சில அத்தியாயங்களும் இந்தக் கதையில் உண்டு. புத்தாயிரம் பிறந்த காலத்திலேயே நீலகிரி மாவட்டம் பிளாஸ்டிக்குக்கு எதிராகக் கிளம்பியது. அப்போது ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, பின்னாளில் மாநிலச் சுற்றுச்சூழல் துறைச் செயலராக இருந்தபோதுதான் 2021 டிசம்பர் 23-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை 2022-இல் நிறுவினார்கள். கிராமத்து அடையாளம் என்று ஒதுக்கிய பைக்கு அரசு விழா மேடை கிடைத்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன், நறுக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லிமேல் உருக்கிப் பூசி, அதன்பின் தாரைச் சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2002-இல் கல்லூரி வளாகத்தில் போட்ட சாலை அதன் முதல் சோதனைகளில் ஒன்று. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பை ஆவதற்கு முன்பே பாலித்தீன் நம் கரைக்கு வந்து சேர்வதும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, பிறகு மூழ்கியபோது, சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் துகள்கள் கடலில் கொட்டின. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதும் அதே வகைத் துகள்கள் கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கின. துவரம்பருப்பு அளவில், வெள்ளையாக, வழவழவென்று இருக்கும் அவற்றை மீன் முட்டை என்று நினைத்து மீன்களும் பறவைகளும் விழுங்குகின்றன. மணலிலிருந்து அவற்றைச் சல்லடை போட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. யாரும் கடைக்குப் போகவில்லை, யாரும் எறியவில்லை, ஆனாலும் குப்பை வந்துவிட்டது. மக்கள் திருந்தினால் போதும் என்ற 1971 விளம்பரத்தின் பாடம் எவ்வளவு குறைபட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பொதியுறையைச் சந்தைக்கு விடும் நிறுவனமே அதைத் திரும்பச் சேகரிக்கவும் பொறுப்பேற்க வேண்டும் என்று இந்தியா 2022 பிப்ரவரியில் வகுத்த விதிமுறைகள் சரியான திசையில் வைத்த அடி. அதைக் காகிதத்தில் கணக்குக் காட்டி முடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை.

தந்தத்தை மிச்சப்படுத்தச் செல்லுலாய்டு வந்தது, அரக்குத் தட்டுப்பாட்டைப் போக்கப் பேக்கலைட் வந்தது, மரத்தைக் காப்பாற்றப் பாலித்தீன் பை வந்தது, பாலித்தீனை விரட்டத் துணிப்பை வந்திருக்கிறது. 160 ஆண்டுகளாகப் பொருளை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். மாற்ற வேண்டியது, இலவசமாக வாங்கி ஒரு முறையில் எறியும் வழக்கத்தை. அது நம் ரத்தத்தில் ஊறியதல்ல, எழுபது ஆண்டுகளுக்குள் வணிகம் நமக்குப் பழக்கியது. பழக்கியதை மறக்கவைக்கவும் முடியும் என்று அயர்லாந்தின் 15 சென்ட் காட்டிவிட்டது. கடை வைத்திருப்பவர்கள் கேட்காமல் கவர் கொடுப்பதை நிறுத்தட்டும். வாங்கப் போகிறவர்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பை ஒன்றை, அது மஞ்சப்பையோ கட்டைப்பையோ பழைய பிளாஸ்டிக் பையோ, எடுத்துக்கொண்டு போங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். கடைக்காரர் கவரை உருவும்போது, வேண்டாம் அண்ணே, பை இருக்கிறது என்று முந்திக்கொண்டு சொல்லுங்கள்.